ஏற்காட்டு மலையில் ஒரு பழைய கொலை வழக்கு: தீர்ப்பு முடிந்த பிறகு திரும்ப விசாரிக்க முடியுமா?

சேர்வராயன் மலைக்கிராமம் ஒன்றிலிருந்து ஓர் இளைஞர் கேட்டிருக்கும் கேள்வியின் சுருக்கம் இது. பதினெட்டு ஆண்டுகளுக்கு முன், காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில், ஒரு தோட்டத்தின் மேஸ்திரி இரவு நேரத்தில் நாட்டுத் துப்பாக்கியால் சுடப்பட்டு இறந்தார். கேட்பவரின் சித்தப்பா கைதானார். செஷன்ஸ் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. கையில் பணமில்லாததால் உச்ச நீதிமன்றத்துக்கு யாரும் போகவில்லை. இப்போது அதே தோட்டத்தில் வேலை பார்த்த முதியவர் ஒருவர், சாகும் தறுவாயில், சுட்டது தான்தான் என்று இரண்டு பேரிடம் சொல்லிவிட்டு இறந்துவிட்டார். வழக்கை மீண்டும் விசாரிக்கக் கோரிக் காவல்துறையில் மனுக் கொடுத்ததற்கு, ‘முடிந்த வழக்கு’ என்ற ஒரு வரிப் பதில் வந்திருக்கிறது. இனி வழி உண்டா என்பது கேள்வி.

வழி உண்டு. ஆனால் அது காவல் நிலையத்தின் வழியாகப் போகவில்லை. முதியவரின் வாக்குமூலத்திலிருந்து தொடங்கவும் இல்லை. சேலத்தில் முப்பது ஆண்டுகளாகச் செஷன்ஸ் வழக்குகள் நடத்தி வருபவன் என்ற முறையில் என் கருத்து இது: முதலில் பழைய வழக்கின் ஆவணக் கட்டை முழுமையாக எடுத்துப் படியுங்கள், புதிய வாக்குமூலத்துக்கு இடம் அதற்குப் பிறகுதான்.

காவல்துறையின் பதில் மனத்தைப் புண்படுத்துவதாக இருந்தாலும் சட்டப்படி அது தவறில்லை. மேல் விசாரணை வேறு, மறு விசாரணை வேறு. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்த பிறகும் புதிய தடயம் கிடைத்தால் மேற்கொண்டு விசாரிக்கும் அதிகாரத்தைப் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173(8)-ஆம் பிரிவு காவல்துறைக்குக் கொடுத்திருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தில் அதே அதிகாரம் 193(9)-ஆம் பிரிவில் இருக்கிறது. முந்தைய விசாரணையை அடியோடு ஒதுக்கிவிட்டு முதலிலிருந்து தொடங்கும் மறு விசாரணைக்கு உத்தரவிடும் அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் மட்டுமே உண்டு என்று 2012-இல் வினய் தியாகி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. மாஜிஸ்திரேட் மேல் விசாரணைக்கு உத்தரவிடுவதும் நீதிமன்றத்தில் வழக்கு விசாரணை தொடங்கும்வரைதான் என்று 2019-இல் இன்னொரு தீர்ப்பு வந்தது. இவை எல்லாமே தீர்ப்புக்கு முந்தைய கட்டத்துக்கு உரியவை. தீர்ப்பில் நீதிபதி கையொப்பமிட்டுவிட்டால், எழுத்துப் பிழை, கணக்குப் பிழை தவிர வேறெதையும் அதே நீதிமன்றம் திருத்த முடியாது என்று பழைய சட்டத்தின் 362-ஆம் பிரிவு சொன்னது, புதிய சட்டத்தின் 403-ஆம் பிரிவும் சொல்கிறது. இந்தத் தடை உயர் நீதிமன்றத்தையும் கட்டுப்படுத்தும். ஆகவே தண்டனை உறுதியான வழக்கில், தண்டனை நிற்கும்வரை, கீழே யாரும் கை வைக்க முடியாது.

பிரிட்டனில் இப்படிப்பட்ட வழக்குகளை மறுபடி ஆராய்ந்து மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அனுப்புவதற்கென்றே 1997 முதல் ஒரு தனி ஆணையம் இயங்கி வருகிறது. நம் நாட்டில் அப்படி ஓர் அமைப்பு இல்லை. தவறான வழக்குகளால் பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு வழங்கத் தனிச் சட்டம் வேண்டும் என்று சட்ட ஆணையம் 2018-இல் தன் 277-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. அது பரிந்துரையாகவே கிடக்கிறது.

முதியவரின் சொல்லுக்கு வருவோம். கிராமத்தில் இதை எல்லோரும் மரண வாக்குமூலம் என்று சொல்வார்கள். நீங்களும் அப்படியே எழுதியிருக்கிறீர்கள். சட்டத்தில் மரண வாக்குமூலம் என்பது இறந்தவர் தன்னுடைய மரணத்தின் காரணத்தையோ அதற்கு இட்டுச்சென்ற சூழ்நிலையையோ பற்றிச் சொன்னது மட்டுமே. வேறொருவரைத் தான் கொன்றதாக ஒருவர் சாகும்போது சொன்னால் அது அந்த வகையில் சேராது. அதனால் அது பயனற்றது என்று பொருளில்லை. இறந்துபோன ஒருவர் முன்பு சொன்ன சொல், உண்மையாக இருக்கும்பட்சத்தில் அவரையே குற்ற வழக்குக்கு ஆளாக்கியிருக்கும் என்றால், அதைச் சாட்சியமாக ஏற்கலாம் என்று 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 32(3)-ஆம் பிரிவு சொல்லியிருந்தது. புதிய சாட்சியச் சட்டத்திலும் அது அப்படியே தொடர்கிறது. கதவு இருக்கிறது. ஆனால் அந்தக் கதவின் வழியாக வரும் சொல்லை எந்த நீதிபதியும் சந்தேகக் கண்ணோடுதான் பார்ப்பார், ஏனென்றால் செத்தவர்மீது பழியைப் போட்டு உயிரோடிருப்பவரை மீட்பது எளிதான காரியம் என்பது அவருக்குத் தெரியும்.

ஆகவே கேட்ட இருவரும் உடனடியாக, தனித்தனியாக, நோட்டரி முன் பிரமாணப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். மாஜிஸ்திரேட்டிடம் நேராகப் போய்ப் பழைய நடைமுறைச் சட்டத்தின் 164-ஆம் பிரிவு (புதிய சட்டத்தில் 183) வாக்குமூலம் கொடுத்துவிடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். விசாரணை நடத்தும் காவல்துறையின் வழியாக அல்லாமல் ஒரு சாட்சி தானாகவே போய் அப்படிக் கொடுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1999-இலேயே சொல்லியிருக்கிறது. பிரமாணப் பத்திரத்தில் முதியவர் சொன்ன சொற்கள் சொன்னபடியே இருக்கட்டும். வக்கீல் தமிழில் செப்பனிட வேண்டாம். துப்பாக்கியை எங்கே மறைத்தார், எந்த வழியாகத் திரும்பினார், மேஸ்திரியோடு என்ன தகராறு என்பன போன்று, சுட்டவனுக்கு மட்டுமே தெரிந்திருக்கக்கூடிய விவரம் ஒன்றேனும் அதில் இருந்து, அது பழைய ஆவணங்களோடு பொருந்தினால்தான் அந்தச் சொல்லுக்கு எடை கூடும். அன்றைக்கு அவர் வேலைக்கு வந்தாரா என்பதைத் தோட்டத்தின் செக்ரோல் என்ற வருகைப் பதிவேடு சொல்லக்கூடும். பழைய பதிவேடுகள் கரையானுக்குப் போவதற்குள் அதைக் கேட்டு வாங்குங்கள்.

இதற்காக, கொன்றவர் யார் என்பதை நிறுவும் சுமையை உங்கள் தலையில் நீங்களே ஏற்றிக்கொள்ள வேண்டாம். பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கு நம் பெரியவர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. 1944 நவம்பரில் நடந்த கொலைக்காக, 1945-இல் தியாகராஜ பாகவதருக்கும் என்.எஸ். கிருஷ்ணனுக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. வழக்கு, அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய், திரும்பவும் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்து, 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலையானார்கள். லட்சுமிகாந்தனைக் கொன்றது யார் என்பது இன்றுவரை நிறுவப்படவில்லை. விடுதலைக்கு அது தேவைப்படவுமில்லை. அரசுத் தரப்புச் சாட்சியத்தை நம்ப முடியாது என்பதே போதுமானதாக இருந்தது. சேலத்துக்காரர்களான நமக்கு இதைவிடப் பழைய உதாரணமும் உண்டு. 1882 சேலம் கலவர வழக்கில் பத்தாண்டுத் தண்டனை பெற்ற விஜயராகவாச்சாரியாரும் உயர் நீதிமன்றத்தில்தான் விடுவிக்கப்பட்டார். பின்னாளில் 1920 நாக்பூர் காங்கிரசுக்குத் தலைமை தாங்கியவர் அவர்.

இனி வழக்குக் கட்டு. செஷன்ஸ் நீதிமன்றத்தில் நகல் மனுப் போட்டு, தீர்ப்பை மட்டுமல்லாமல் எல்லாச் சாட்சிகளின் வாக்குமூலங்களையும், அரசுத் தரப்புச் சான்றாவணங்கள் அனைத்தையும், நீதிபதியின் கேள்விகளுக்குச் சித்தப்பா அளித்த பதில்களையும் வாங்குங்கள். அதே நாளில் இன்னொரு மனுவும் போட வேண்டும்: வழக்கின் சான்றுப் பொருள்கள் இன்னும் இருக்கின்றனவா, இருந்தால் அவற்றை அழிக்காமல் பாதுகாக்க வேண்டும் என்று. மேல்முறையீட்டுக் காலம் முடிந்ததும் பொருள்களை அழிப்பது வழக்கம் என்பதால், நாலைந்து மாதத் தாமதத்தில் எல்லாம் போய்விடலாம். பிறகு அந்தக் கட்டை, தீர்ப்பை மறந்துவிட்டு, நேர வரிசையில் படியுங்கள்.

முதலில் முதல் தகவல் அறிக்கை. அது பதிவான நேரமும் மாஜிஸ்திரேட் கைக்குப் போய்ச் சேர்ந்த நேரமும் அதன்மீதே குறிக்கப்பட்டிருக்கும். ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் மூடுபனியையும் சேர்த்துக் கணக்கிட்டாலும் இரண்டு மணி நேரத்தில் ஒரு காவலர் இறங்கிவிடலாம். இரவு எட்டு மணிக்குப் பதிவான அறிக்கை மறுநாள் மாலையில் போய்ச் சேர்ந்திருந்து, அதற்கு யாரும் விளக்கம் சொல்லவில்லை என்றால், இடைப்பட்ட நேரத்தில் அந்தக் காகிதம் எழுதப்பட்டிருக்கலாம் என்ற ஐயம் எழும். தாமதம் ஒன்றே வழக்கைச் சாய்க்காது; ஆனால் பிரேத விசாரணை அறிக்கையில் எதிரியின் (குற்றம் சாட்டப்பட்டவரின்) பெயரோ குற்ற எண்ணோ இல்லாமல் இருந்தால், இரண்டும் சேர்ந்து பேசும்.

அடுத்து, கிராம நிர்வாக அலுவலர். தமிழ்நாட்டுக் கொலை வழக்குகளில் பலமுறை பார்க்கும் காட்சி இது: தலைமறைவாக இருந்த எதிரி, முன்பின் பழக்கமில்லாத வி.ஏ.ஓ. அலுவலகத்துக்குத் தானாக நடந்து போய், எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வார், வி.ஏ.ஓ. அதை எழுதிக்கொண்டு ஆளையும் காகிதத்தையும் காவல் நிலையத்தில் ஒப்படைப்பார். பிறகு அவரும் தலையாரியுமே துப்பாக்கியைக் கைப்பற்றியதை எழுதிவைக்கும் மகஜருக்கும் சாட்சியாக நிற்பார்கள். காவல் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் செல்லாது என்பதால்தான் இந்தச் சுற்றுவழி. வி.ஏ.ஓ.விடம் கொடுத்த ஒப்புதல் சட்டப்படி ஏற்கத்தக்கதுதான் என்றாலும், அறிமுகமில்லாதவரிடம் ஒருவர் ஏன் மனம் திறந்தார் என்ற கேள்வியை நீதிமன்றங்கள் கேட்டுக்கொண்டே வந்திருக்கின்றன. என் கைக்கு வந்த ஒரு கட்டில், அந்த ஒப்புதல் வாக்குமூலத்தின் கையெழுத்தும் காவல் நிலையத்தில் எழுதப்பட்ட மகஜரின் கையெழுத்தும் ஒருவருடையதாகவே தெரிந்தன. விசாரணை நீதிமன்றத்தில் ஒருவரும் அந்த இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

கைப்பற்றுதலிலும் ஓர் எல்லை உண்டு. எதிரி சொன்னதில், பொருள் எங்கே இருக்கிறது என்று காட்டிய பகுதி மட்டுமே சாட்சியமாகும் என்பது 1946 டிசம்பரில் புளுகுரி கொட்டையா வழக்கில் பிரிவி கவுன்சில் வகுத்த விதி. ‘இந்தத் துப்பாக்கியால்தான் சுட்டேன்’ என்ற தொடர்ச்சி தீர்ப்பில் காரணமாகக் காட்டப்பட்டிருந்தால் அதைக் குறித்துவையுங்கள்.

மலைப்பகுதி வழக்குகளில் நான் மிகவும் கவனித்துப் பார்ப்பது துப்பாக்கி நிபுணரின் அறிக்கையை. நாட்டுத் துப்பாக்கி குழல் வாய் வழியாகக் கரிமருந்தும் பால்ரஸ் குண்டும் திணித்துச் சுடுவது. அதன் குழல் உட்புறம் வழுவழுப்பானது. தொழிற்சாலைக் கைத்துப்பாக்கியின் குழலில் உள்ள வரிப்பள்ளங்கள் குண்டின்மீது பதிவதுபோல இதில் எதுவும் பதிவதில்லை. தோட்டா உறை என்ற ஒன்றே இல்லாததால் அதில் ஊசி பதிந்த தடமும் கிடைக்காது. ஆகவே, உடலில் எடுத்த குண்டு இந்தத் துப்பாக்கியிலிருந்துதான் வந்தது என்று எந்த நிபுணராலும் சொல்ல முடியாது. இது வேலை செய்யும் துப்பாக்கி, இதைப் பயன்படுத்திச் சுட்டிருக்கிறார்கள், இப்படிப்பட்ட குண்டை இதில் சுட முடியும் என்ற அளவில்தான் சொல்ல முடியும். பன்றி விரட்டவும் வேட்டைக்கும் பல வீடுகளில் இத்தகைய துப்பாக்கி இருந்த மலையில், அந்த அறிக்கை ஏறத்தாழ எதையுமே நிரூபிக்கவில்லை. ஆனால் அதைத் ‘துப்பாக்கி ஒத்துப்போனது’ என்று சுருக்கி எழுதிய தீர்ப்புகளை நான் படித்திருக்கிறேன்.

அதனோடு பிரேதப் பரிசோதனைச் சான்றையும் சேர்த்துப் படியுங்கள். பக்கத்தில் நின்று சுட்டால் காயத்தைச் சுற்றித் தோல் கருகியும் கரிமருந்துத் துகள் பொதிந்தும் இருக்கும், குண்டுகள் ஒரே துளையாக நுழையும். தூரம் கூடக் கூடக் குண்டுகள் சிதறித் தனித்தனித் துளைகளாகும். நேரில் பார்த்தவர் நாலடி தூரம் என்று சொல்லி, சான்றில் கருகலே இல்லாமல் சிதறிய துளைகள் இருந்தால், அவர் பார்த்தாரா என்பதே கேள்வியாகிவிடும். இரவில் பார்த்ததாகச் சொல்லும் சாட்சிக்கு வெளிச்சம் எங்கிருந்து வந்தது? தெருவிளக்கு எரிந்ததை நிரூபிக்க மின்வாரிய ஊழியரைக் கூண்டில் ஏற்றினார்களா, டார்ச் லைட் என்றால் அதைக் கைப்பற்றினார்களா? ஜனவரி மாதத்து ஏற்காட்டு மூடுபனியில் பத்தடி தள்ளி நிற்பவரின் முகம் தெரியாது என்பதை மலைவாசிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சமவெளியில் நடந்த விசாரணையில் அதை யாராவது சொன்னார்களா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

சித்தப்பாவின் சட்டையில் இரத்தம் இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அக்காலத்து அறிக்கைகள் பெரும்பாலும் ‘மனித இரத்தம்’ என்றோ, அதிகம் போனால் இரத்த வகை என்னவென்றோ சொல்வதோடு நின்றுவிடும். ‘ஓ’ வகை ஊரில் எத்தனையோ பேருக்கு இருக்கும். அந்தச் சட்டை இன்னும் நீதிமன்றப் பொருள் அறையில் இருந்தால் மரபணுச் சோதனை கேட்பதில் பொருளுண்டு. ஆனால் அது இரு பக்கமும் வெட்டும் கத்தி என்பதைச் சித்தப்பாவிடம் சொல்லி, அவருடைய சம்மதத்தோடு மட்டுமே கேளுங்கள். மாதிரிகள் கைமாறிய விதமும் முக்கியம். தேனி மாவட்டம் சுருளி அருவிப் பகுதியில் 2011-இல் நடந்த இரட்டைக்கொலை வழக்கில் மரண தண்டனை பெற்றிருந்தவரை 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. மரபணு மாதிரிகளைக் கையாண்டதில் இருந்த ஓட்டைகள் அதற்கு ஒரு முக்கியக் காரணம். மாதிரிகள் 48 மணி நேரத்துக்குள் ஆய்வகம் போய்ச் சேர வேண்டும், கைமாறிய ஒவ்வொரு கட்டமும் பதிவேட்டில் ஏற வேண்டும் என்று நாடு முழுமைக்கும் அந்தத் தீர்ப்பு நெறிமுறை வகுத்தது.

இவ்வளவும் கையில் வந்த பிறகு போக வேண்டிய இடம் உச்ச நீதிமன்றம். அங்கே மேல்முறையீடு செய்ய அனுமதி கேட்கும் சிறப்பு அனுமதி மனுவுக்குக் காலவரையறை 90 நாள். உங்களுக்கு அது எப்போதோ கடந்துவிட்டது. ஆனாலும் சிறையிலிருக்கும் ஏழைக் கைதியின் தாமதத்தை உச்ச நீதிமன்றம் பொறுத்துக்கொண்ட வழக்குகள் உண்டு, மனுவில் காரணத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்த மனுவோடு, கூடுதல் சாட்சியம் எடுக்க மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அதிகாரம் தரும், பழைய நடைமுறைச் சட்டத்தின் 391-ஆம் பிரிவான, புதிய சட்டத்தின் 432-ஆம் பிரிவைச் சுட்டி, இரு பிரமாணப் பத்திரங்களையும் இணைக்கலாம். முதியவரின் சொல்லுக்கு உரிய இடம் இதுதான்: சாட்சியத்தின் ஓட்டைகளைக் காட்டிய பிறகு, கடைசியாக. மகாராஷ்டிரத்தில் 2003-இல் ஐவர் கொல்லப்பட்ட வழக்கில், நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஆறு பேருக்கு 2009-இல் மரண தண்டனை விதித்த அதே உச்ச நீதிமன்றம், 2019 மார்ச்சில் மறுஆய்வில் அவர்களை விடுவித்து, ஆளுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வழங்கச் சொல்லி, உண்மைக் குற்றவாளிகளைக் கண்டறிய மேல் விசாரணைக்கும் உத்தரவிட்டது. நேரில் பார்த்த சாட்சி காவல்துறையின் புகைப்படத் தொகுப்பில் வேறு நால்வரை அடையாளம் காட்டியிருந்தது பழைய ஆவணத்திலேயே இருந்தது. நீங்கள் கேட்கும் விசாரணை, வந்தால், இப்படித்தான் வரும்: விடுதலை முதலில், விசாரணை பிறகு.

செலவைப் பற்றிக் கவலை வேண்டாம். சிறையில் இருப்பவருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி பெறும் உரிமையை 1987-ஆம் ஆண்டுச் சட்டம் தருகிறது. உங்கள் சித்தப்பா இரண்டிலும் அடங்குவார். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவையோ 15100 என்ற எண்ணையோ அணுகினால் போதும். சிறைக் கண்காணிப்பாளர் வழியாகவும் மனு அனுப்பலாம். சாட்சி சொன்னவர்களைத் தேடிப் போய் ‘அன்று பொய் சொன்னேன்’ என்று எழுதி வாங்கும் வேலையில் மட்டும் இறங்காதீர்கள். அது மிரட்டலாகப் பார்க்கப்படும், பல ஆண்டு கழித்துப் பிறழும் சாட்சியை நீதிமன்றம் எளிதில் நம்பவும் செய்யாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் கேட்டுவிடுகிறேன். சம்பவத்தின்போது சித்தப்பாவுக்கு வயது இருபது என்று குற்றப்பத்திரிகையில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த இருபது எங்கிருந்து வந்தது? மலைக்கிராமங்களில் கைது செய்யும்போது பார்வைக்குத் தோன்றியதை எழுதிவிடுவது உண்டு. அன்று அவருக்குப் பதினெட்டு நிறையவில்லை என்றால், அதை எந்தக் கட்டத்திலும், இறுதித் தீர்ப்புக்குப் பிறகும்கூட, எழுப்பலாம் என்று 2015-ஆம் ஆண்டு இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு சொல்கிறது. 1994-இல் நடந்த ஒரு கொலை வழக்கில் மரண தண்டனை பெற்றவர், சம்பவத்தின்போது பதின்மூன்று வயதுகூட நிறையாதவர் என்று பள்ளிப் பதிவேட்டால் தெரியவந்து, 28 ஆண்டுகளுக்குப் பிறகு 2023 மார்ச்சில் விடுதலையானார். உங்கள் சித்தப்பா படித்த பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்றுக்கே முதல் மதிப்பு. அது இல்லையென்றால் பிறப்புச் சான்று. இரண்டும் இல்லையென்றால்தான் எலும்புச் சோதனை. நகல் மனுவுக்குச் சேலம் இறங்கும் முன், பள்ளிக்கு ஒரு நடை போய் வாருங்கள்.

முன்விடுதலை மனு ஏற்கெனவே நிலுவையில் இருப்பதாகச் சொல்கிறீர்கள். கொலை வழக்கில் பதினான்கு ஆண்டு உண்மைச் சிறைவாசம் வேண்டும் என்ற, பழைய நடைமுறைச் சட்டத்தின் 433-ஏ பிரிவின் (புதிய சட்டத்தில் 475) நிபந்தனையை அவர் தாண்டிவிட்டார். அதைத் திரும்பப் பெற வேண்டாம். அதில் விடுதலையானாலும் உச்ச நீதிமன்ற மனு நடந்துகொண்டே இருக்கலாம். ஆனால் செய்த குற்றத்துக்கு வருந்துவதாக ஒரு வரி அந்த மனுவில் இருக்கிறதா என்று பாருங்கள். மனு எழுதிக் கொடுப்பவர்கள் வழக்கமாகச் சேர்த்துவிடும் வரி அது. இருந்தால், அடுத்த சிறை நேர்காணலிலேயே அதை நீக்கித் திருத்திய மனுவில் அவரிடம் கையொப்பம் வாங்கிவிடுங்கள்.